கர்ப்பகால இடுப்பு வளைய வலி: பினாங்குத் தாய்மார்களுக்குப் பிசியோதெரபி எப்படி உதவும்?

கர்ப்பம் ஐந்தாவது, ஆறாவது மாதத்தைத் தொடும்போது சில பெண்களுக்குப் படுக்கையில் திரும்பிப் படுப்பதே பெரும்பாடாகி விடுகிறது. காரிலிருந்து ஒரு காலை வெளியே வைக்கும்போதும், படி ஏறும்போதும், நின்றபடி கால்சட்டை அணியும்போதும் இடுப்பின் முன்பக்கமோ பின்பக்கமோ சுரீர் என்று இழுக்கிறது. வீட்டில் சொன்னால், “பிள்ளை சுமந்தால் வலிக்காமல் இருக்குமா?” என்பதுதான் பெரும்பாலும் பதிலாகக் கிடைக்கும்.

அந்தப் பதில் பாதிதான் சரி. ஐந்து கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்த வலி வருவதாக மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. அதனால் இது பரவலானது என்பது உண்மை. ஆனால் பிரசவம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிய வலி அல்ல. இதற்குப் பெயர் இடுப்பு வளைய வலி. ஆங்கிலத்தில் பெல்விக் கர்டல் பெயின் என்பார்கள். முன்பு எஸ்.பி.டி. என்ற பெயரும் வழக்கில் இருந்தது.

இடுப்பு எலும்புகள் ஒரு வளையம் போல அமைந்தவை. பின்னால், முதுகின் அடியில் இருபுறமும் இரண்டு மூட்டுகள். முன்னால், அடிவயிற்றுக்குக் கீழே, பிறப்புறுப்புக்குச் சற்று மேலே ஓர் இணைப்பு. அந்த முன் இணைப்பில் சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கர்ப்பகாலத்தில் அது இன்னும் 2, 3 மில்லிமீட்டர் விரிவது இயல்பு. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் எலும்பு இணைப்பு விலகியதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். அது அரிது. வலியின் கடுமைக்கும் இடைவெளியின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதால், “எலும்பு விலகிவிட்டது” என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால் பயப்பட வேண்டியதில்லை.

காரணம் என்ன என்ற கேள்விக்கு நீண்டகாலமாகச் சொல்லப்பட்ட விடை ரிலாக்சின் என்ற ஹார்மோன். 1926ல் பிரெடரிக் ஹிசா என்ற ஆய்வாளர் கினிப் பன்றிகளை வைத்துச் செய்த சோதனையில் கண்டறிந்தது அது. மூட்டுகளின் தசைநார்களைத் தளர்த்துகிறது. ஆனால் ரிலாக்சின் அளவு அதிகமுள்ளவர்களுக்கெல்லாம் வலி அதிகம் என்று பிந்தைய ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. வயிற்றின் எடை கூடுவது, நடையும் நிற்கும் விதமும் மாறுவது, இடுப்பைத் தாங்கும் தசைகள் ஈடுகொடுக்க முடியாமல் போவது எல்லாம் சேர்ந்தே வலியை உண்டாக்குகின்றன. முன்பு முதுகுவலி அல்லது இடுப்பில் அடிபட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். பிசியோதெரபிக்கு இதில் இடம் இருப்பதும் இதனால்தான். ஹார்மோனை மாற்ற முடியாது. தசையைப் பழக்க முடியும்.

கிளினிக்கில் எப்படிச் சொல்வது?

இங்கே ஒரு மொழிச் சிக்கல் உண்டு. நம் பெண்கள் எல்லாவற்றையும் “இடுப்பு வலி” என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். தாதியிடம் மலாயில் “சாக்கிட் பிங்காங்” என்றால் அது சாதாரண முதுகுவலிக் கணக்கில் போய்விடும். “சாக்கிட் ஆரி-ஆரி” என்றாலோ அடிவயிற்று வலி என்று எடுத்துக்கொண்டு சிறுநீர்த் தொற்றையோ பிரசவ வலியையோ தேடத் தொடங்குவார்கள். முன் எலும்பில் வலி என்றால் “தூலாங்” என்ற சொல்லையும் சேர்த்து, வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுவது நல்லது. எந்த அசைவில் வலிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்: ஒற்றைக் காலில் நிற்கும்போதா, திரும்பிப் படுக்கும்போதா, கால்களை அகட்டும்போதா? இடத்தைப் பெயர் சொல்லக் கூச்சப்பட்டே பலர் இரண்டு மூன்று பரிசோதனைகளைக் கடத்திவிடுகிறார்கள்.

இந்த வலியைக் கண்டறிய எக்ஸ்ரே தேவையில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலைச் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்த்தச் சொல்வார்கள். கால் கனப்பது போலவோ தூக்கவே முடியாதது போலவோ இருந்தால் அது ஓர் அடையாளம். இடுப்பின் இருபுறத்தையும் கையால் அழுத்திப் பிடித்ததும் அதே கால் எளிதாக உயர்ந்தால் அடையாளம் இன்னும் தெளிவாகும். தொடையை 90 பாகையில் மடக்கிக் கீழ்நோக்கி மெதுவாக அழுத்திப் பார்ப்பது இன்னொரு சோதனை.

அதன் பிறகு பிசியோதெரபிஸ்ட் செய்வது பெரும்பாலும் கற்றுக்கொடுக்கும் வேலை. அடிவயிற்றின் ஆழமான தசைகள், இடுப்புத் தளத் தசைகள், பிட்டத் தசைகள் ஆகியவற்றை மூச்சை அடக்காமல் இறுக்கித் தளர்த்தும் பயிற்சிகள். தேவைப்பட்டால் கையால் செய்யும் மூட்டுச் சிகிச்சை. சிலருக்கு இடுப்புப் பட்டை. மிகவும் முடியாதவர்களுக்கு ஊன்றுகோல்.

இதற்கு ஆதாரம் உண்டா? சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 386 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2005ல் வெளிவந்தது. வழக்கமான ஆலோசனையும் பட்டையும் பெற்றவர்களைவிட, அதோடு தசைப் பயிற்சியோ அக்குபஞ்சரோ சேர்த்துப் பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. நார்வேயில் பிரசவத்துக்குப் பின்னும் வலி நீடித்த 81 பெண்களிடம் 2004ல் வெளியான ஆய்வும் தனிப்பட்ட முறையில் அமைத்த பயிற்சிக்குச் சாதகமாகவே முடிந்தது. எல்லா ஆய்வுகளும் இவ்வளவு தெளிவாக இல்லை. ஒரே பயிற்சித் தாளை எல்லாருக்கும் கொடுத்து அனுப்புவதைவிட ஒவ்வொருவரையும் பார்த்துப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது மேல் என்பதே இவற்றைப் படிப்பவர்க்குத் தோன்றும்.

வீட்டிலும் வெளியிலும்

கால்களைச் சமமில்லாமல் பயன்படுத்தும் வேலைகள்தான் இந்த வலிக்குப் பெரிய எதிரி. திரும்பிப் படுக்கும்போது முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். பக்கவாட்டில் படுத்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இடையில் தலையணை வைக்கலாம். காரில் முதலில் அமர்ந்துவிட்டு, பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்ப வேண்டும். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் எளிதாகச் சறுக்கித் திரும்பலாம். மோட்டார் சைக்கிளில் ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது வலியைக் கிளப்பும்.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் செங்குத்தான மரப்படிகளும், லிஃப்ட் பழுதான அடுக்குமாடிகளும் தவிர்க்க முடியாதவை. ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வைத்து, மற்றக் காலை அதே படிக்குக் கொண்டுவர வேண்டும். இறங்கும்போது வலியுள்ள கால் முதலில். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை இந்த வேளையில் விட்டுவிடலாம். அடிவாரத்தில் நின்று கும்பிட்டாலும் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

சம்மணம் போட்டு உட்காருவது, குந்தி உட்கார்ந்து துணி துவைப்பது, மூத்த பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் தூக்கி வைப்பது ஆகிய மூன்றும் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பவை, மூன்றும் இந்த வலிக்கு ஆகாதவை. வளைகாப்பில் மணையில் உட்கார வைப்பதற்குப் பதில் நாற்காலி போட்டால் சடங்கு குறைந்துவிடாது. தோட்டத்தில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவதும் மூட்டை தூக்குவதும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பல மணி நேரம் நிற்பதும் இதே ரகம்.

இடுப்புப் பட்டையைக் கடையில் வாங்கி நாள் முழுவதும் இறுக்கிக் கட்டுவது தவறு. அது வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றி வர வேண்டும். நடக்கும் சிறிது நேரத்துக்கு மட்டும் போதும். ஜாதிக்காய்த் தைலம் பினாங்கு வீடுகளில் இல்லாமல் இருக்காது. தடவினால் இதமாக இருக்கலாம், மூட்டைச் சரி செய்யாது. தைலங்கள் சிலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருப்பதால் கர்ப்பிணிகள் மருந்தாளரிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைச் சொந்தமாக வாங்கி விழுங்கக் கூடாது, குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு.

எங்கே போவது?

முதல் படி, பிங்க் புத்தகத்தோடு வழக்கமாகப் போகும் தாய்சேய் நலக் கிளினிக்தான். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கான வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். பெரிய சுகாதாரக் கிளினிக்குகள் சிலவற்றிலேயே பிசியோதெரபிப் பிரிவு உண்டு. இல்லாவிட்டால் மருத்துவர் கடிதம் கொடுத்து ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனைக்கோ, பெருநிலத்தில் செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பாக்காப், கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனைகளில் ஒன்றுக்கோ அனுப்பலாம். தீவின் மறுபக்கத்தவர்க்குப் பாலேக் பூலாவ் மருத்துவமனை. கடிதத்தைத் தாங்களே கேட்டு வாங்குவதில் தவறில்லை.

தனியார் மையத்துக்குப் போவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில் சட்டம் 2020 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பிசியோதெரபிஸ்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது நோயாளியின் உரிமை. ‘கர்ப்பகால மசாஜ்’ என்று பலகை மாட்டிய எல்லா இடமும் பிசியோதெரபி மையம் ஆகாது.

வேலைக்குப் போகும் பெண்கள் இடுப்பு வளைய வலி என்று மருத்துவச் சான்றிதழில் எழுதி வாங்குவது பயன்படும். வேலைச் சட்டத்தின் கீழ் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு, சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாளாக உயர்ந்தது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். கர்ப்பம் என்பதற்காக வேலையை விட்டு நிறுத்துவதற்கும் சட்டத்தில் தடை உண்டு.

இந்த வலி இருப்பதால் மட்டும் அறுவைப் பிரசவம் தேவைப்படாது. பிரசவத்துக்கு முன்பே, வலி வராமல் முழங்கால்களை எவ்வளவு அகட்ட முடிகிறது என்று அளந்து பிங்க் புத்தகத்தில் குறிக்கச் சொல்லலாம். பக்கவாட்டில் படுத்தபடியோ முட்டி போட்டபடியோ பிரசவிப்பது மூட்டுக்கு இதம். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டவர்களுக்கு வலி தெரியாது என்பதால் கால்களை அளவுக்கு மீறி விரிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இரத்தப்போக்கு, நீர் உடைதல், விட்டு விட்டு வரும் வயிற்று இறுக்கம், குழந்தையின் அசைவு குறைதல், காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், தொடையிடுக்கில் மரத்துப்போய்ச் சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவை இடுப்பு வளைய வலியின் அறிகுறிகள் அல்ல. அப்போது பிசியோதெரபி நாளுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசர எண் 999.

பெரும்பாலோருக்குப் பிரசவமான சில மாதங்களில் வலி தணிந்துவிடும். சிலருக்கு நீடிக்கும். பத்திய காலத்தில் வயிற்றைக் கட்டுவதும் எண்ணெய் தேய்த்து உருவுவதும் வழக்கமாக இருந்தாலும், முன் எலும்பில் வலியுள்ளவர்களுக்குக் கால்களை அகட்டி உருவ விடக் கூடாது. மூன்று மாதம் கடந்தும் ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை என்றால் மறுபடியும் கடிதம் வாங்கிப் பிசியோதெரபிக்குப் போகலாம். அடுத்த கர்ப்பத்திலும் இந்த வலி திரும்ப வரக்கூடும் என்பதால், முதல் பதிவின்போதே தாதியிடம் அதைச் சொல்லிப் புத்தகத்தில் எழுதச் செய்ய வேண்டும்.