நரம்பு, நாண், நார்: உடற்கூற்றுச் சொற்களின் பொருட்பிரிவு

தோற்றத்தால் ஒத்த பொருள்கள் ஒரே பெயரால் வழங்குதல் மொழிகளின் பொது இயல்பாகும். மனித உடலில் வெண்ணிறமும் இழைத்தன்மையும் உடைய மூன்று அமைப்புகள் இத்தகையன: உணர்வையும் இயக்கத் தூண்டலையும் கடத்தும் நரம்பு, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், எலும்பை எலும்போடு பிணைக்கும் பந்தகம். இவை வேறுவேறு என அறியப்பெற்ற வரலாறு, ஒரு சொல்லின் பொருள் பிரிந்த வரலாறுமாகும்.

கிரேக்க மொழியில் ‘நியூரோன்’ என்பது வில்நாணையும் உடலின் நார்களையும் குறித்தது. அரிஸ்டாட்டிலும் அப்பொருளிலேயே அதனை ஆண்டார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மனித உடலை அறுத்து ஆராய்ந்த ஹெரோஃபிலஸ், எரசிஸ்திராட்டஸ் ஆகியோர் மூளையோடு தொடர்புடைய நரம்புகளை இனங்கண்டனர். ஆயினும் பழஞ்சொல்லே புதுப்பொருளையும் ஏற்றது. கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான காலென், தோன்றுமிடத்தை அளவுகோலாகக் கொண்டு மூன்றையும் வகைப்படுத்தினார்: மூளையிலோ தண்டுவடத்திலோ தோன்றுவது நரம்பு, எலும்பில் தோன்றுவது பந்தகம், தசையில் தோன்றுவது நாண். எனினும் நரம்பும் பந்தகமும் கலந்ததே நாண் என்றும் அவர் கருதினார். தட்டையான தசைநாண் தகட்டினைக் குறிக்கும் ‘அபோநியூரோசிஸ்’ என்னும் சொல்லில் பழம்பொருளின் எச்சம் இன்றும் காணப்படுகிறது.

பிரெஞ்சு மருத்துவர் பிஷா, நுண்ணோக்கியின் துணையின்றி 21 வகைத் திசுக்களைப் பிரித்தறிந்தார். வேகவைத்தல், உலர்த்துதல், அமிலத்தில் இடுதல் ஆகியவற்றால் திசுக்கள் அடையும் மாற்றங்களை அவர் ஒப்பிட்டார். திசுவியலைக் குறிக்கும் ‘ஹிஸ்டாலஜி’ என்னும் பெயரை 1819இல் மாயர் வழங்கினார். பின்னர் நுண்ணோக்கி வேறுபாட்டைத் தெளிவாக்கியது. தசைநாணில் கொல்லாஜன் இழைகள் இணையாக அடுக்கப்பெற்று, இடையே உயிரணுக்கள் வரிசையாக அமைகின்றன. பந்தகமும் அதே இணைப்புத் திசுவே. இழையொழுங்கு சற்றுக் குறைவு. நரம்போ நரம்பணுக்களின் நீட்சிகளாலான கற்றை. இணைப்புத் திசு அதற்கு உறை மட்டுமே. எனவே முன்னிரண்டும் ஓரினம், மூன்றாவது வேறினம்.

தமிழில் ‘நரம்பு’ யாழின் நரம்பையும், குருதிக் குழாயையும், நாணையும் குறித்து வந்துள்ளது. பேச்சுவழக்கில் ‘நரம்பு ஊசி’ எனப்படுவது சிரையில் இடப்படுவதே. அறிவியல் தமிழ் இச்சொல்லை ஒரு பொருளுக்கு வரையறுத்தது. குருதிக் குழாய்களுக்குத் தமிழ்நாட்டில் தமனி, சிரை என்பனவும், இலங்கையில் நாடி, நாளம் என்பனவும் நிலைபெற்றன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது; உடற்கூற்றைத் தமிழில் எழுதும் முயற்சிக்கு இது முன்னோடியாகும்.

ஆயினும் பழைய மயக்கம் புதுச்சொல்லிலும் தொடர்கிறது. ‘தசைநார்ச் சிதைவு’ என்பதில் தசைநார் தசையிழையாகும். விளையாட்டுச் செய்திகளின் ‘தசைநார்க் கிழிவு’ பெரும்பாலும் பந்தகத்தைச் சுட்டுகிறது. பந்தகத்திலோ தசையே இல்லை.

‘கையில் நரம்பு அறுந்தது’ என்னும் தொடரை மருத்துவருக்கு மொழிபெயர்ப்பவர் எதைக் குறிப்பிடுவது? விரல் மடங்கவில்லையெனில் நாணும், தோல் மரத்ததெனில் நரம்பும், குருதி பெருகியதெனில் குழாயும் அறுந்திருக்கக்கூடும். மருத்துவம் மூன்றிற்கும் வேறு. ஆதலின் அகராதியின் முதற்பொருளைக் கொள்ளாது, உறுப்பின் தொழிலை வினவித் தெளிந்த பின்னரே சொல்லைத் தெரிதல் மொழிபெயர்ப்பாளரின் கடனாகும்.