சொல் அட்டை வந்த வழி

உள்ளங்கையில் அடங்கும் தடித்த காகிதத் துண்டு. முன்பக்கம் அயல்மொழிச் சொல், பின்பக்கம் அதன் பொருள். இரண்டாம் மொழி படிக்கிறவர்களிடம் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் இந்த அட்டைக்கு இரண்டு திறமைகள் உண்டு. பதிலைக் காட்டுவதற்கு முன்னால் கேள்வி கேட்பது ஒன்று. எந்தச் சொல்லை என்றைக்கு மறுபடி கேட்க வேண்டும் என்று அறிந்திருப்பது இன்னொன்று. முதல் திறமை இரண்டு பக்கம் இருப்பதாலேயே வந்துவிடுகிறது. இரண்டாவது வந்துசேர நெடுங்காலம் பிடித்தது.

1834இல் இங்கிலாந்தில் ஃபேவல் லீ மார்ட்டிமர் என்ற பெண்மணி, குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தர அட்டைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அட்டையின் வரலாற்றைப் பலரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு நாள்கணக்கு கிடைத்ததோ ஜெர்மனியில். உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளே இல்லாத சுமார் 2,300 அசைகளை உருவாக்கி, வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, தான் எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று தன்னையே அளந்தார். 1885இல் நூல் வந்தது. படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நழுவுகிறது, பிறகு நழுவும் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. மறதி வளைவு என்று அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதே நூலில் உள்ள இன்னொரு கணக்குதான் பெரிதாகப் படுகிறது. 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 தடவை உருப்போட்டதால் கிடைத்த பலன், மூன்று நாள்களில் பிரித்து 38 தடவை சொன்னபோதே கிடைத்துவிட்டது. பரீட்சைக்கு முந்தின இரவு கண்விழித்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கையாவது யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இந்த அறிவு மொழிப்பாடத்துக்குள் நுழைய எண்பது ஆண்டுகள் ஆயின. 1967இல் அமெரிக்க மொழிப் பேராசிரியர் பால் பிம்ஸ்லர் ஓர் அட்டவணை போட்டார். புதுச் சொல்லை 5 விநாடியில் திரும்பக் கேள், பிறகு 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 ஆண்டு. அவருடைய ஒலிப்பாடங்களில் கேள்வி வரும், கொஞ்சம் மௌனம் வரும், அப்புறம்தான் பதில் வரும். அட்டையைத் திருப்புவதற்கு முன் நாம் யோசிக்கும் நேரம்தான் அந்த மௌனம்.

காகித அட்டைக்கு நாள் அறியும் திறமையைத் தந்தவர் செபாஸ்டியன் லைட்னர். ஆஸ்திரியாவில் பிறந்து ஜெர்மன் மொழியில் எழுதிய அறிவியல் பத்திரிகையாளர். 1972இல் வந்த அவருடைய நூல் ஒரு பெட்டியை விவரித்தது. நீளவாக்கில் ஐந்து அறைகள். அறைகளின் அகலம் வரிசையாக 1, 2, 5, 8, 14 சென்டிமீட்டர். புது அட்டைகள் முதல் அறையில் சேரும். அந்த அறையை அன்றாடம் எடுத்துப் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு ஏறும். தவறிய அட்டை எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே இறங்கிவிடும். மற்ற அறைகளை, நிரம்பினால் மட்டும் தொட்டால் போதும்.

இந்த ஏற்பாட்டில் அறையின் அகலமே நாள்காட்டி. குறுகிய அறை சீக்கிரம் நிரம்பும். அகன்ற அறை நிரம்ப வாரங்கள், மாதங்கள் ஆகும். கடைசி அறை நிரம்பும்போது அதில் முதலில் விழுந்த அட்டை கண்ணில் பட்டு நெடுநாள் ஆகியிருக்கும். அவ்வளவு காலத்துக்குப் பிறகும் அந்தச் சொல் நினைவுக்கு வந்தால் அது இனி உங்களுடையது. அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம். தேதி குறிக்க வேண்டாம், கணக்குப் போட வேண்டாம். தெரிந்த சொல் நேரத்தைத் தின்னாது, தெரியாத சொல் ஒளிந்துகொள்ளவும் முடியாது. அட்டையின் பயணத்தில் இதற்கு ஈடான கட்டம் இல்லை என்பது என் எண்ணம். காலணிப் பெட்டியும் நான்கு தடுப்புகளும் இருந்தால் எந்த வீட்டிலும் செய்துகொள்ளலாம்.

பெட்டியில் ஒரு குறை இருந்தது. எல்லாச் சொல்லுக்கும் ஒரே படிக்கட்டு. போலந்தின் போஸ்னான் நகரில் படித்துக்கொண்டிருந்த பியோத்ர் வோஸ்னியாக், 1985இல் தன் ஆங்கிலச் சொற்பட்டியலைக் காகிதத்தில் வைத்து 1, 7, 16, 35 நாள்கள், பிறகு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு என்று இடைவெளி வகுத்தார். 1987இல் அதைக் கணினிக்குக் கொண்டுபோனபோது ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனி எண் கொடுத்தார். முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6 நாள், அதற்குமேல் அந்த எண்ணால் பெருக்கிக்கொண்டே போகும். தொடக்கத்தில் எண் 2.5. சொல் எளிதாக வந்தால் எண் கூடும், திணறினால் குறையும். சூப்பர்மெமோ என்ற மென்பொருள் பிறந்தது இப்படித்தான். ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியர் டேமியன் எல்ம்ஸ், இதே கணக்கைத் தழுவி 2006இல் அன்கி என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அட்டை கைபேசிக்குள் போய்ச் சேர்ந்தது.

காகிதம் போனாலும் கேள்வி போகவில்லை. அது எவ்வளவு முக்கியம் என்பதை 2008இல் உளவியலாளர்கள் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் காட்டினார்கள். மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் திரும்பத் திரும்பக் கேட்டுச் சோதித்த குழுக்கள், ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 சதவீதம் நினைவில் வைத்திருந்தன. அப்படிச் சரியாகச் சொன்ன சொல்லைச் சோதிப்பதை நிறுத்திவிட்டு, மேலும் மேலும் படிக்க மட்டும் வைத்த குழுவில் அது 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இதில் மனத்தை உறுத்துவது வேறொன்று: எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது எல்லாக் குழுவினரும் ஏறக்குறைய பாதி என்றே சொன்னார்கள். எந்த வழி தங்களுக்கு உதவுகிறது என்பது படிப்பவர்களுக்கே தெரியவில்லை. யோசிக்காமல் அன்கியின் பதில் பொத்தானை அழுத்துகிறவர் அட்டையை வெறும் பட்டியலாக்கிவிடுகிறார்.

இடைவெளியை விரிக்க அஞ்சுகிறவர்கள் பாரிக் குடும்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக், அவர் மனைவி, இரு மகள்கள் என நால்வரும் ஆளுக்கு 300 அயல்மொழிச் சொற்களைப் பல ஆண்டுகள் படித்தார்கள். முடிவு 1993இல் வெளியானது. 14 நாளுக்கு ஒருமுறை 26 தடவை படித்ததும், 56 நாளுக்கு ஒருமுறை 13 தடவை படித்ததும் ஏறக்குறைய ஒரே அளவு நினைவைத் தந்தன. இடைவெளி அகன்றபோது படிக்கும் நேரத்தில் தவறுகள் சற்றுக் கூடின. அந்தத் தடுமாற்றத்தைக் கண்டு மனம் தளர்ந்து பலர் பாதியில் விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

அட்டையால் ஆகாதவையும் உண்டு. தனிச்சொல்லை எழுதினால் தனிச்சொல்தான் வரும். எந்த வினையோடு அது சேரும், யாரிடம் சொல்லலாம் என்பது வராது. ஜெர்மன் படிக்கிறவர் பெயர்ச்சொல்லை அதன் பாலைக் காட்டும் முன்சொல்லோடு எழுத வேண்டும். படித்த இடத்திலிருந்தே ஒரு சிறு வாக்கியத்தை எடுத்து, சொல் வரும் இடத்தை வெற்றிடமாக விடுவது இன்னும் நல்லது. பிறர் தயாரித்த 5,000 அட்டைகளை இறக்கிக்கொள்வதைவிட, தானே எழுதிய 500 மேல்.

ஆங்கில நாவலைத் துணையின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும் என்று நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் கணக்கிட்டிருக்கிறார். அத்தனையையும் அட்டையில் ஏற்றத் தேவையில்லை. அதிகம் புழங்கும் முதல் இரண்டாயிரம், மூவாயிரம் சொற்களை அட்டை பிடித்துக் கொடுத்தால், எளிய புத்தகங்களை வாசிக்கத் தொடங்கலாம். அதன்பின் அந்தச் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் தாமாகவே எதிர்ப்படும். நூறு பக்கத்துக்கு ஒருமுறை வரும் அரிய சொல்லுக்கு மட்டும் அட்டை தொடர்ந்து வேண்டும்.