கடலைக் குளிக்க வெச்ச மனுஷன்

இன்னைக்குக் கதை ஒரு உல்லாசக் கப்பல்ல ஆரம்பிக்குது. 1923-ல ஹட்டன் என்ற அமெரிக்கப் பங்குத் தரகர் தனக்காகக் கட்டின பாய்மரக் கப்பல். கைமாறி, பேர் மாறி, 1953-ல ‘வீமா’ங்கிற பேரோட நியூயார்க் பக்கத்துல இருக்குற லமான்ட் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேருது.

1957-ல அந்தக் கப்பல்ல ஏறினவர் தாரோ தகாஹாஷி. டோக்கியோவுல சுரங்கப் பொறியியல் படிச்சவர், கொலம்பியா பல்கலைக்கழகத்துல அப்போதான் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார். கடல் அவரோட பாடமே இல்லை. ஆனா கொடுத்த வேலை, அட்லாண்டிக் கடலோட மேல்தண்ணியில கரியமில வாயு எவ்வளவு இருக்குன்னு அளக்குறது.

அதுவரைக்கும் பல விஞ்ஞானிகளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. நாம எரிக்கிற நிலக்கரி, பெட்ரோல்ல இருந்து வர்ற வாயுவை எல்லாம் கடல் விழுங்கிடும்னு நம்பினாங்க. அதே 1957-ல ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் ரெண்டு பேரும் எழுதின கட்டுரை அந்த நிம்மதியைக் கெடுத்தது. மேல்தண்ணியோட வேதியியல் அவ்வளவு சுலபமா இடம் கொடுக்காதுன்னு அவங்க காட்டினாங்க. அப்போ கடல் நிஜமா எவ்வளவு எடுக்குது? அளந்துதான் பார்க்கணும்.

எப்படி அளக்குறது? இதுக்கான வழி பழசு. பின்னாடி ரத்த நாளங்களைப் பத்தின ஆய்வுக்காக நோபல் வாங்கின டென்மார்க்காரர் ஆகஸ்ட் க்ரோக், 1902-லயே கிரீன்லாந்து போய் இதைச் செஞ்சிருக்கார். தண்ணியை நேரா அளக்க வேண்டாம். கொஞ்சம் காற்றைத் தண்ணியோட சேர்த்து விடுங்க. ரெண்டும் சமநிலைக்கு வந்ததும் காற்றை அளங்க. தகாஹாஷி செஞ்சதும் அடிப்படையில அதுதான். மூடின பாத்திரத்துக்குள்ள கடல்நீரை ஷவர் மாதிரி தெளிச்சுக்கிட்டே இருப்பாங்க. உள்ளே மாட்டின காற்று கொஞ்ச நேரத்துல தண்ணியோட சமமாகிடும். அந்தக் காற்றுல அகச்சிவப்புக் கதிர் பாய்ச்சி, எவ்வளவு உறிஞ்சப்படுதுன்னு பார்த்தா விடை வந்திடும்.

கேட்க ஈஸியா இருக்கு இல்லையா? இங்கதான் சிக்கல். வெயில்ல வெச்ச கோலி சோடாவைத் திறந்தா பொங்கும், ஐஸ்ல இருந்ததைத் திறந்தா அவ்வளவு பொங்காது. கடல்நீரும் அப்படித்தான். ஒரு டிகிரி சூடேறினா கரியமில வாயுவோட அழுத்தம் சுமார் 4 சதவீதம் ஏறும். 370 பிபிஎம் அளவுல அது கிட்டத்தட்ட 15 பிபிஎம். ஆனா நாம தேடுற விஷயம், அதாவது காற்றுக்கும் கடலுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம், உலக சராசரியா 10 பிபிஎம்-கூட இல்லை! கப்பலோட அடியில உறிஞ்சின தண்ணி, என்ஜின் அறைப் பக்கமா குழாய்ல வர்றப்போ கொஞ்சம் சூடானாலே போச்சு, வாயுவை உள்ளே இழுக்கிற கடல் வெளியே விடுற கடலாத் தெரியும். என்னைக் கேட்டா, இந்த வரலாற்றுல பாதி தெர்மாமீட்டரோட வரலாறு.

தகாஹாஷி இதை விடவே இல்லை. அவரும் கூட்டாளிகளும் 1997-ல வெளியிட்ட உலக வரைபடத்துல சுமார் 2.5 லட்சம் அளவீடுகள். 2009-ல அது 30 லட்சம். வட அட்லாண்டிக் வாயுவை இழுத்துக்குது. பசிபிக்ல நிலநடுக்கோட்டுப் பக்கம், ஆழத்துத் தண்ணி மேல வர்றதால, வெளியே விடுது. எல் நினோ வந்தா அந்தக் கணக்கும் மாறும்கிறதால அந்த வருஷங்களை வரைபடத்துல சேர்க்கலை. மொத்தக் கணக்கு: 2000-ம் ஆண்டை அடிப்படையா வெச்சு, மனுஷன் வெளிவிட்டதுல கடல் எடுத்துக்கிட்டது வருஷத்துக்கு 200 கோடி டன் கார்பன். கூடக்குறைய 100 கோடி டன்.

ஆமா, பிழை வரம்பே பாதி! 50 வருஷ உழைப்புக்கு அப்புறமும் ஏன் இப்படி? அளவு எடுக்காத இடத்தை, பக்கத்து இடத்து அளவுகளை வெச்சுத்தான் நிரப்பணும். தென்கடல் வாயுவை நிறைய இழுக்குற பகுதி, ஆனா குளிர்காலப் புயல்ல அங்கே கப்பல்கள் ரொம்பக் குறைவு. அதனால 2002-ல இருந்து அவரோட குழு, அன்டார்க்டிகா ஆய்வு நிலையத்துக்குச் சரக்கும் ஆட்களும் கொண்டுபோன லாரன்ஸ் எம். கோல்ட்ங்கிற கப்பல்ல கருவியைப் பொருத்தினாங்க. தென் அமெரிக்காவுக்கும் அன்டார்க்டிகாவுக்கும் நடுவுல இருக்குற டிரேக் நீரிணையை அது எப்படியும் கடந்தாக வேண்டியிருந்தது, குளிர்காலத்துலயும்.

தகாஹாஷி 2019-ல இறந்தார். அந்தக் கப்பல் அப்பவும் டிரேக் நீரிணையில போய் வந்துக்கிட்டுதான் இருந்தது.