ஹக்கலைப் பூங்காவும் மலையக மக்களும்

பூங்கா என்றவுடன் பொழுதுபோக்கே பலர்க்கும் நினைவுக்கு வரும். ஆயினும், ஆங்கிலேயர் ஆட்சியிற் கீழைத் தேயங்களில் எழுந்த பூங்காக்கள் பல இன்பம் நாடித் தோன்றியவையல்ல. வாணிகப் பயிர்களைச் சோதித்தறியும் களங்களாகவே அவை தோன்றின. நுவரெலியா நகரிலிருந்து வெலிமடை செல்லும் வீதியில், ஏறத்தாழ ஆறு மைல் தொலைவில், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ள ஹக்கலைப் பூங்கா இதற்குத் தக்க சான்றாகும். நானுஓயாவையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் சேர்ந்த குடும்பங்கள் விடுமுறை நாளிற் சென்று மகிழும் இவ்விடத்தின் வரலாறு, அக்குடும்பங்களின் வரலாற்றோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளது.

மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா, தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து பெறப்படுவது. வெப்ப நாடுகளை ஆண்ட பேரரசுக்கு அது இன்றியமையாததாயிற்று. 1860 ஆம் ஆண்டளவில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பார் அம்மரத்தின் வித்துக்களையும் கன்றுகளையும் அங்கிருந்து கொணரும் முயற்சியை மேற்கொண்டார். நீலகிரியில், உதகமண்டலத்துப் பூங்காவை அமைத்த மக்கைவரின் மேற்பார்வையிலே சிங்கோனா பயிரிடப்பட்டது. இலங்கையிற் பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்சு, குளிர்மிக்க ஹக்கலையைத் தேர்ந்து 1861 இற் சோதனைத் தோட்டத்தை நிறுவினார்.

1869 இற் கோப்பி இலைகளிற் காணப்பட்ட துருநோய், இரு பதின்மங்களுக்குள் இலங்கைக் கோப்பித் தொழிலை வீழ்த்திற்று. நட்டமுற்ற துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். யாவரும் ஒருங்கே பயிரிட்டமையாற் சந்தையிற் பட்டை மலிந்து விலை வீழ்ந்தது. சாவகத்தின் உயர்ரகப் பட்டையோடு போட்டியிடவும் இயலவில்லை. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிடத் தொடங்கிய தேயிலையே ஈற்றில் நிலைத்தது. சிங்கோனாவின் தேவை குறைந்தமையால், ஹக்கலை 1884 இல் அலங்காரப் பூங்காவாக மாற்றப்பட்டது. ரோசாப் பாத்திகளும் பன்ன வகைகளும் குளிர்நாட்டு மரங்களும் அங்கே இடம்பெற்றன. ஒரு பயிரின் தோல்வியிலிருந்தே பூங்காவின் எழில் பிறந்ததென்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்த ஆண்டாகிய 1885 இற் புகையிரதப் பாதை நானுஓயாவை அடைந்தது. கோப்பியைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லவெனத் தொடங்கிய பாதை, தேயிலையை ஏற்றவே நானுஓயாவை எட்டிற்று. தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து மலைகளைத் தோட்டங்களாக்கிய தமிழ்த் தொழிலாளர்க்கோ, அந்நாளில் உல்லாசப் பயணம் எட்டாக்கனியாயிருந்தது. காலையிற் பிரட்டுக் களம், பகலிற் கொழுந்து மலை, இரவில் லயக் காம்பரா என அவர் வாழ்க்கை தோட்ட எல்லைக்குள் அடங்கிற்று. கடனைக் குறித்த 'துண்டு' இன்றித் தோட்டம் மாறுதலும் இயலாது. அம்முறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலைக்குச் செல்லாத நாளுக்குப் 'பேர்' விழாது; பேர் இன்றேற் கூலியும் இல்லை. ஆகவே, ஒருநாள் உலாவுக்குப் பிரயாணச் செலவன்றி நாட்கூலியும் விலையாயிற்று.

இதனாலேயே ஞாயிற்றுக்கிழமையும் தைப்பொங்கல், தீபாவளி முதலிய பெருநாட்களும் குடும்ப உலாவுக்குரிய நாட்களாயின. ஹக்கலைக்குச் செல்லும் தமிழ்க் குடும்பம், வழியிலே சீதாஎலியவில் ஓடைக்கரையிலுள்ள சீதையம்மன் கோயிலில் வழிபடுவது வழக்கம். சீதாபிராட்டி சிறையிருந்த அசோகவனம் இப்பகுதியே என்பது மக்கள் நம்பிக்கை. ஹக்கலை என்னும் சிங்களப் பெயர் தாடைப்பாறை எனப் பொருள்படும். அனுமன் மருத்துவ மலையைத் தாடையிற் கவ்வி வந்தான் என்ற கதையோடு அப்பெயரை இணைத்துரைப்பர். அயலார் நிறுவிய பூங்காவுக்கு மக்கள் தம் இதிகாசத்தால் உரிமை கொண்டாடினர் எனலாம்.

ஆனால், நாட்டின் சட்டம் அவ்வுரிமையை எளிதில் வழங்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 இல் நிறைவேறிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974 இலேயே எட்டப்பட்டது. ஒரே குடும்பத்தவர் இரு நாட்டினராயினர். தலைமன்னாரை நோக்கி அவர்களைச் சுமந்து சென்ற புகையிரதத்தை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். திருவிழாவுக்கும் உலாவுக்கும் கூடிய மேடைகளே நிரந்தரப் பிரிவின் மேடைகளாயின. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது.

ஆகவே, ஹக்கலையின் புற்றரையிற் சோற்றுப் பொதியைப் பிரித்து ஒரு குடும்பம் அமர்ந்திருத்தல் சிறு நிகழ்ச்சியன்று. வாணிகப் பயிர்களின் பொருட்டு முன்னோர் கடல்கடந்து வந்தனர்; அத்தகைய பயிரொன்றின் சோதனைக் களமே இன்று அவர்தம் வழித்தோன்றல்களுக்கு ஓய்விடமாயுள்ளது. நாட்கூலியின் கணக்கு இன்னும் முற்றாக மாறிவிடவில்லை. பொதுப் பூங்கா உண்மையிற் பொதுவாவது, அதன் வாயில் யாவர்க்கும் திறந்திருப்பதனால் மட்டுமன்று. உழைப்போர்க்கு அங்குச் செல்லும் ஓய்வும், இந்நாடு தமதெனக் கொள்ளும் உரிமையும் வாய்ப்பதனாலேயாம்.