இன்வோக்கிங் ஜஸ்டிஸ் (ஆவணப்படம்)

'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' என்பது, தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தின் பணிகளைப் பின்தொடர்ந்து தீபா தன்ராஜ் இயக்கி, 2011இல் வெளிவந்த ஆவணப்படமாகும். ஜமாஅத் என்னும் சொல் ஒரு பள்ளிவாசலைச் சார்ந்த குடும்பங்களையும், அவற்றின் பெயரால் மணவிலக்கு, சீவனாம்சம், மஹர் (மணமகன் மணமகளுக்குக் கட்டாயம் அளிக்கவேண்டிய மணக்கொடை) முதலிய வழக்குகளைத் தீர்க்கும் நிருவாகக் குழுவையும் குறிக்கும். இக்குழுவில் ஆண்களே இடம்பெற்று வந்ததோடு, தன் மணவாழ்வு பற்றிய விசாரணையில்கூடப் பெண் நேரில் நின்று பேச இடமில்லாதிருந்தமையே படம் காட்டும் பூசலின் வேர்.

புதுக்கோட்டையில் 'ஸ்டெப்ஸ்' என்னும் மகளிர் அமைப்பை நடத்திவந்த தாவூத் ஷரீபா கானம் முன்னின்று, 2004இல் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். படம் வெளிவந்த காலத்தில் அது 12 மாவட்டங்களில் 12,000 உறுப்பினர்களுடன் வளர்ந்து, 8,000க்கு மேற்பட்ட வழக்குகளைத் தீர்த்திருந்ததாகப் படக்குறிப்பு கூறுகிறது. மஹர் பெறவேண்டிய பெண்ணின் வீட்டாரே கைக்கூலி, அதாவது வரதட்சணை, கொடுக்க நேர்வதையும், ஒரே மூச்சில் மும்முறை தலாக் சொல்லி மனைவியை விலக்குவதையும் மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது என்று, திருக்குர்ஆனையே சான்றாகக் கொண்டு இப்பெண்கள் வாதிட்டனர். பெண்கள் கூடியமர்ந்து மனுக்களைக் கேட்பதும், எதிர்த்தரப்பாரை அழைத்து விசாரிப்பதும், கொலை வழக்குகளில் காவல்துறையை நெருக்குவதும் படத்தின் உயிரான பகுதிகள்.

1971 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் எழுத்தாளர்கள் நார்மன் மெய்லரும் ஜெர்மேன் கிரீயரும் பங்கேற்ற பெண்ணிய விவாதத்தைப் பதிவுசெய்த 'டவுன் பிளடி ஹால்' (1979), பெண்களின் வாதங்களைப் பதிவுசெய்யும் ஆவணப்படங்களில் பெயர்பெற்றது. அங்கே மேடையேறியோர் பெரும்பாலும் எழுத்தாளர்கள். இங்கோ தீர்ப்பைப் பொறுத்தே வாழ்வு அமையும் பெண்கள் வாய்திறப்பதால், இப்படத்தின் எடை கூடுதலானது.

தமிழ் முஸ்லிம்கள் வாழும் மலேசியாவிலும் இப்பூசல் உண்டு. அந்நாட்டின் மலாக்கா நகரில் இந்திய முஸ்லிம் வணிகர் 1748இல் எழுப்பிய கம்போங் கெலிங் பள்ளிவாசல், அந்நகருக்கும் தமிழ் முஸ்லிம்களுக்கும் உள்ள நெடுந்தொடர்பைக் காட்டுகிறது. ஆயினும் மலேசியாவில் முஸ்லிம் குடும்ப வழக்குகள் மாநில ஷரியா (இஸ்லாமியச் சட்ட) நீதிமன்றங்களுக்கு உரியவையாதலால், இப்பூசல் அங்கே வேறு வடிவம் கொண்டு, ஷரியா நீதிபதிகளாகப் பெண்கள் முதன்முதலில் 2010இல் அமர்த்தப்பட்டனர். 

இந்தியாவிலோ, உச்ச நீதிமன்றம் 2017இல் உடனடி முத்தலாக்கைச் செல்லாததாக்கியது. 2019இல் அது குற்றமுமாயிற்று. ஊர் ஜமாஅத்தின் விசாரணையில் பெண்ணுக்கும் இருக்கை உண்டா என்னும் கேள்வி 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வரம்புக்குள் வரவில்லை.