கேட்டமரான்

ஆங்கிலப் பெயர்ச்சொல். மூலம், தமிழ்க் ‘கட்டுமரம்’. சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பியர் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஏறியது. கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இச்சொல் உண்டு.

பெயரில் முதன்மை பெறுவது மரமன்று, கட்டு. எடை குறைந்த சில மரங்களைச் செதுக்கி, நடுமரம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்குவார்கள். ஆணி கிடையாது. அலை மேலே ஏறினாலும் இடுக்கு வழியே நீர் வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவார்கள்; நீர் ஊறினால் மிதப்பு குறையும்.

துறைமுகம் இல்லாதிருந்த காலத்தில் சென்னையில், நங்கூரமிட்ட கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்களே. நனையாமலிருக்க, தலையில் அணிந்த கூம்புத் தொப்பிக்குள் அதைச் செருகிக்கொள்வார்கள்.

ஆங்கிலத்தில் பொருள் தாறுமாறாக விரிந்தது. 1804இல் பூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள்மீது பிரிட்டன் ஏவிய மிதக்கும் வெடிகளுக்கும் இதே பெயர். சண்டைக்காரப் பெண்ணை ஏசவும் பயன்பட்டது. அமெரிக்கரான நதானியேல் ஹெரெஷாஃப் 1876இல் ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை உடல் பாய்மரப் படகைக் கட்டினார். இன்று உலகம் கேட்டமரான் என்பது அவ்வகையைத்தான். அந்த வடிவமோ பசிபிக் தீவினரின் மரபு. நாம் கொடுத்தது பெயர் மட்டும்.

தமிழகக் கரையில், குறிப்பாக 2004 ஆழிப்பேரலைக்குப் பின், கண்ணாடியிழைப் படகுகள் பெருகிக் கட்டுமரம் அருகிவிட்டது.