கணினித் தமிழில் கருவிகளின் போட்டி

கருவி மாறுந்தோறும் மொழிக்கு ஒரு சோதனை வருகிறது. ஓலையில் புள்ளியிட்டால் ஏடு பழுதாகும் என்று அஞ்சி, முன்னோர் புள்ளியிடாமலே எழுதினர் என்பர். அச்சு வந்தபின் புள்ளி நிலைபெற்றது. பின்னர்த் தட்டச்சுப் பொறி தோன்றியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயா வந்து, சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்கு அதனை அமைத்துத் தந்தார். கணினி கொணர்ந்த சோதனையோ இவற்றினும் கடியது. அதனை எதிர்கொண்ட வரலாற்றில் ஜொகூர் நீரிணைக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் தமிழர்க்குப் பெரும்பங்கு உண்டு.

முதற்கண் உலகப் போக்கை நோக்குவோம். கணினிக்குக் கட்டளையிடும் மொழிகளைத் தலைமுறைகளாகப் பகுப்பது மரபு. வெறும் எண்களால் ஆனது முதல் தலைமுறை. அவ்வெண்களுக்கு ஈடான குறுஞ்சொற்கள் இரண்டாவது. 1957இல் வந்த ஃபோர்ட்ரானும் அதனை அடுத்த கோபோலும் மூன்றாவது. இவற்றில் ஒரு செயலை எவ்வாறு செய்வது என்று படிப்படியாகச் சொல்லவேண்டும். நான்காம் தலைமுறை மொழியிலோ, எது வேண்டும் என்று சொன்னாற் போதும். ராமிஸ், ஃபோகஸ், புரோகிரஸ், இன்ஃபார்மிக்ஸ் எனப் பல 1970க்கும் 1990க்கும் இடையே போட்டியிட்டன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சிறப்பு உண்டு. ஆயினும் ஒன்றில் எழுதியது மற்றொன்றில் இயங்காது என்னும் குறை யாவற்றுக்கும் பொது. எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழி 1986இல் அமெரிக்கத் தரமாகவும் 1987இல் உலகத் தரமாகவும் ஏற்கப்பெற்றது. சிற்சில கிளைவழக்குகள் இருப்பினும், அது இன்றும் பல நிறுவனங்களுக்கும் பொதுவாக வழங்குகிறது.

தமிழிலும் இதே கதை நிகழ்ந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். கனடாவிலிருந்து சீனிவாசனின் 'ஆதமி' வந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் 'மயிலை' எழுத்துரு வந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' கண்டார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் தமிழெழுத்திலேயே ஏறியதற்கு அவர் உழைப்பு துணைநின்றது.

இடையூறு எங்கே நேர்ந்தது? அந்நாளைய எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்துக்கு உரியது. எஞ்சிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வரிசைப்படுத்தினர். ஆகவே, ஜொகூர் பாருவில் ஓர் ஆசிரியர் தட்டிய வினாத்தாள், வேறு எழுத்துரு உடைய கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். ஒரே மொழியினர் ஒருவர் மடலை ஒருவர் படிக்க இயலாத நிலை இது.

இதனை நீக்கவே 1997 மே மாதம் சிங்கப்பூரில் அறிஞர் கூடினர். மின்னஞ்சல் வழி நடந்த விவாதத்தில் 'திஸ்கி' உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு 'டாம்', 'டாப்' என்னும் இரு முறைகளை வகுத்தது. டாம் தமிழுக்கு மட்டும் உரியது. டாப், திஸ்கியைப் போலவே, ஆங்கிலத்துக்கும் இடம் தந்தது. 2000இல் சிங்கப்பூரில் உத்தமம் நிறுவப்பட்டது. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது.

விசைப்பலகையிலும் போட்டி உண்டு. 'அம்மா' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தட்டச்சு முறையில் அகரம், புள்ளி, மகரம், மீண்டும் மகரம், கால் என ஐந்து தட்டு. ஆங்கில ஒலிவழி அமைந்த அஞ்சல் முறையிலும் ஐந்து. சென்னை மாநாட்டில் பிறந்த தமிழ்99 முறையிலோ அ, ம, ம, ஆ என நான்கே. ஒரே மெய் இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் இலக்கணத்தை மாணவன் விரலே கற்றுக்கொள்கிறது. ஆங்கிலப் பலகையில் பழகியவர்க்கு அஞ்சல் முறை எளிது. தமிழெழுத்தோடு தொடங்கும் சிறுவர்க்குத் தமிழ்99 ஏற்றது.

எழுத்து முறைப் போட்டியில் இறுதியாக நிலைத்தது யுனிகோடு. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் அது இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த முறையைத் தழுவியது. ககரத்தை அடிப்படையாக வைத்து, 'க்' எழுதப் புள்ளியைச் சேர்க்கிறது. நம் இலக்கணமோ மெய்யோடு அகரம் சேர்ந்து ககரம் ஆவதாகக் கூறும். 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு யுனிகோட்டில் ஐந்து குறியீடுகள் வேண்டும். எழுத்துக்கு ஓர் இடம் தரும் டேஸ்-16 முறையில் மூன்றே போதும். 2010இல் தமிழ்நாட்டரசு யுனிகோட்டைத் தரமாக ஏற்று, அது போதாத இடங்களுக்கு டேஸ்-16ஐ வைத்தது.

இலக்கண நோக்கில் டேஸ்-16 செம்மையானது. வழக்கு நோக்கில் யுனிகோடே வென்றது. இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. எல்லார் கைக்கும் எட்டிய பொதுக் கருவியே மொழியை வாழ்விக்கும். வருந்தத்தக்கது வேறு: பழைய முறைகளில் தட்டப்பெற்ற பள்ளி மலர்களும் கட்டுரைகளும் பழைய வட்டுகளிலேயே உறங்குகின்றன. அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் உள்ளன; மாற்றும் கைகளே வேண்டும். ஏடு தேடி அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் வழியில், வட்டு தேடும் பணி இத்தலைமுறை ஆசிரியர்க்கு உரியது.